டயல் டோன் இல்லை, டாக்டர் எடுக்கவில்லை, லைனில் ஆள் கத்துகிறார்

பதினேழு வருடமாக டெலிபோன் ஆபரேட்டராக போர்டில் உட்காருகிறேன். முதல் நான்கு வருடம் ஒரு லாட்ஜில், அப்புறம் இன்றுவரை ஒரு மருத்துவமனையில். வெளி லைன் எட்டு, உள்ளே எக்ஸ்டென்ஷன் தொண்ணூற்றாறு. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வணக்கம் எப்படிச் சொல்வது, எப்படிச் சிரித்த முகமாகப் பேசுவது என்று ஒரு நாள் பயிற்சி கொடுக்கிறார்கள். லைன் செத்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், எடுத்தவருக்கு போன் போடு என்பார்கள். அவர் வந்து சேர மாலை ஆகிவிடும். அதுவரை வசவு வாங்குவது நாம்தான்.

எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: கோளாறு எத்தனை பேருக்கு? ஒரு போனுக்கு மட்டும் என்றால் அந்த போன், அதன் வயர், சுவரில் உள்ள ரோசெட் பெட்டி, இந்த மூன்றில் ஒன்று. அடுத்தடுத்த எண்களாக எட்டோ பதினாறோ போயிருந்தால் இபிஏபிஎக்ஸ், அதாவது உள் போன்களையும் வெளி லைன்களையும் இணைக்கும் பெட்டிக்குள் ஒரு கார்டு. உள்ளே எல்லோருக்கும் என்றால் பெட்டிக்கு வரும் கரன்ட். உள்ளே எல்லாம் பேசுகிறது, வெளியே மட்டும் போகவில்லை என்றால் கோளாறு நம் கட்டிடத்தின் வாசலில் அல்லது அதற்கு அப்பால். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தால் ஏஎம்சிக்காரரே உங்களிடம் மரியாதையாகப் பேசுவார்.

இன்னொன்று, என் இழுப்பறையில் எப்போதும் இருப்பது: நன்றாக வேலை செய்கிற சாதாரண போன் ஒன்று, அதன் வயரோடு. டிஸ்பிளே, ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். டாக்டர் கேட்டாலும் கடன் கொடுக்காதீர்கள், திரும்பி வராது.

ரிசீவரை எடுத்தால் ஒரு சத்தமும் இல்லை

ஒரே ஒரு அறையில்தான் என்றால் இழுப்பறை போனை எடுத்துக்கொண்டு போங்கள். செத்த போனைக் கழற்றிவிட்டு அதே ரோசெட்டில் இதை மாட்டுங்கள். டோன் வந்தால் பழைய போனோ அதன் வயரோதான் கெட்டது. வயரை மட்டும் மாற்றிப் பாருங்கள். போனைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் இதைச் செய்தாலே பாதி போன்கள் பிழைத்துக்கொள்ளும். கட்டில் காலுக்கு அடியில் சிக்கி நசுங்கிய லைன் வயர், பிளாஸ்டிக் கொக்கி உடைந்து சாக்கெட்டில் நிற்காமல் வெளியே வரும் முனை, இவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

இழுப்பறை போனிலும் டோன் இல்லை என்றால் ரோசெட்டைத் திறந்து பாருங்கள். துடைப்பான் போடும்போது தெறித்த தண்ணீர் உள்ளே போய் ஸ்க்ரூவில் பச்சை பூத்திருக்கும். அங்கேயும் சரியாக இருந்தால் வேலை எம்டிஎஃப் பக்கம், அதாவது எல்லா வயர்களும் வந்து சேரும் க்ரோன் பெட்டி. அங்கே ஒரு ஜம்பர் (இணைப்பு வயர்) கழன்றிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். எங்கள் இடத்தில் ஒருமுறை வைஃபை மாட்ட வந்த பையன் வயர் பாதையை நேராக்குகிறேன் என்று நான்கு ஜம்பரைப் பிடுங்கிவிட்டுப் போயிருந்தான். அது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது, ஏனென்றால் அந்த நான்கு அறையிலும் அப்போது ஆள் இல்லை.

எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் மல்டிமீட்டர் இருந்தால் டிசியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரிசீவர் வைத்திருக்கும்போது நல்ல லைனில் 48 வோல்ட் பக்கம் காட்டும்; சில சின்னப் பெட்டிகளில் 24 இருக்கும். ரிசீவரை எடுத்தால் பத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். சுத்தமாகப் பூஜ்யம் என்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: மணி அடிக்கும்போது அதே வயரில் 75 வோல்ட் அளவுக்கு ஏசி கரன்ட் வரும். தோல் சீவிய முனையைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கும்போது யாராவது அந்த அறைக்கு போன் போட்டால் நல்ல உதறல் கிடைக்கும். சோதனை முடியும்வரை அந்த எண்ணுக்கு யாரையும் கொடுக்காதீர்கள்.

201 முதல் 208 வரை ஒன்றாகப் போய்விட்டது

நேற்று இடி இடித்ததா? அப்படியென்றால் கார்டு. பெரும்பாலான பெட்டிகளில் ஒரு கார்டுக்கு எட்டு அல்லது பதினாறு எக்ஸ்டென்ஷன். இடி மின்னல் வெளி வயர் வழியாகவும் வரும், இரண்டு கட்டிடத்துக்கு நடுவே தொங்கும் வயர் வழியாகவும் வரும். நாமே சரி செய்யும் விஷயமில்லை. ஆனால் போனில் சொல்லும்போது "சில ரூம் வேலை செய்யல" என்று சொல்லாமல் "201லேர்ந்து 208 வரை, தொடர்ச்சியா எட்டும் போச்சு" என்று சொன்னால் அவர் வரும்போதே மாற்றுக் கார்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். ஒரு நாள் மிச்சம். அந்த எட்டில் ஐசியூவோ லேபர் வார்டோ இருந்தால் வேறு கார்டில் உள்ள ஒரு எண்ணை எம்டிஎஃபில் மாற்றிக் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

கரன்ட் போனால் வெளி லைன் மட்டும் செத்துவிடுகிறது

இது புதிய காலத்து நோய். செம்புக் கம்பியில் லைன் வந்த காலத்தில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரன்ட் வந்தது. ஊரே இருட்டாக இருந்தாலும் போன் பேசும். இப்போது பல இடங்களில் ஃபைபர். சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அதை மோடம் என்கிறோம், அதிலிருந்துதான் போன் லைனே பிறக்கிறது. இபிஏபிஎக்ஸ் பெட்டிக்கு யூபிஎஸ் கொடுத்திருப்பார்கள். மோடத்தைப் பக்கத்துச் சுவரில் இருக்கும் சாதாரண பிளக்கில் மாட்டியிருப்பார்கள். கரன்ட் போனால் உள்ளே எல்லாம் பேசும், வெளியே ஊமை.

மோடத்தின் பிளக்கைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். யூபிஎஸ்ஸுக்கு மாற்றினால் முடிந்தது. கரன்ட் இருக்கும்போதே வெளி லைன் போனால் மோடத்தின் விளக்கைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்று போட்ட இடத்தில் சிவப்பு எரிந்தால் ஃபைபர் எங்கோ அறுந்திருக்கிறது, வெளியே தோண்டுகிறார்களா என்று எட்டிப் பாருங்கள். சிவப்பு இல்லை என்றால் அணைத்துப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அதே மோடத்தில் பில்லிங் கம்ப்யூட்டரும் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு அணையுங்கள். நான் கேட்காமல் அணைத்தேன், டிஸ்சார்ஜ் பில்லுக்காக நின்ற பதினொரு பேர் முன்னால்.

காலையிலிருந்து ரிசப்ஷனில் மணியே அடிக்கவில்லை

அமைதியாக இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். வெளியிலிருந்து வரும் அழைப்பு வேறு எங்கோ அடித்துக்கொண்டிருக்கிறது.

இபிஏபிஎக்ஸ் பெட்டியில் பகல், இரவு என்று இரண்டு முறை இருக்கும். இரவு முறையில் வெளி அழைப்பு செக்யூரிட்டிக்கோ கேஷுவாலிட்டிக்கோ போகும்படி வைத்திருப்பார்கள். இரவு ஷிப்ட் ஆள் காலையில் மாற்ற மறந்திருக்கலாம். அப்படி மறக்கவில்லை என்றால் பெட்டியின் கடிகாரம். தானாகவே நேரம் பார்த்து மாறும்படி வைத்த பெட்டியில் உள் பேட்டரி பலவீனமாகிவிட்டால் நீண்ட கரன்ட் கட்டுக்குப் பிறகு கடிகாரம் பின்னால் போய்விடும். உங்களுக்குக் காலை பத்து மணி, அதற்கு நள்ளிரவு.

லாட்ஜில் எனக்கு இது நடந்தது. முகூர்த்த நாள். காலையிலிருந்து ஒரு போன் இல்லை. பதினொன்றரைக்கு கேட்டிலிருந்து வாட்ச்மேன் தாத்தா வந்தார், கையில் தினசரிப் பேப்பர், அதன் ஓரமெல்லாம் எழுத்து. "பாப்பா, காலையிலேர்ந்து ஒரே ரூம் கேட்டு போனு. எல்லாருக்கும் இருக்குன்னு சொல்லிட்டேன்." இருந்தது ஆறு ரூம். அவர் கொடுத்தது பத்தொன்பது.

வேலைக்கு உட்கார்ந்ததும் உங்கள் கைப்பேசியிலிருந்து மெயின் நம்பருக்கு ஒரு ரிங் கொடுங்கள். மணி உங்கள் மேசையில் அடிக்க வேண்டும். அரை நிமிட வேலை. நான் பையை வைப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுவேன்.

டிரான்ஸ்பர் செய்தால் கட் ஆகிவிடுகிறது

எல்லா போனிலிருந்தும் கட் ஆகிறதா, ஒரு போனில் மட்டுமா? ஒரு போனில் மட்டும் என்றால் ஃப்ளாஷ் பட்டனின் நேரம். ஃப்ளாஷ் அமுக்கினால் போன் லைனை ஒரு நொடியில் சிறு பகுதி மட்டும் அறுத்துவிட்டு ஒட்டுகிறது. அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் பெட்டி "ஓ, டிரான்ஸ்பர் கேட்கிறார்" என்று புரிந்துகொள்கிறது. சில போன்கள் 100 மில்லி செகண்ட் அறுக்கும், சில 600. பெட்டி எதிர்பார்ப்பதைவிட நீளமாக அறுத்தால் வைத்துவிட்டார் என்று நினைத்துக் கட் செய்யும். குறைவாக அறுத்தால் கண்டுகொள்ளவே செய்யாது, உங்கள் "டொக்" சத்தம் மட்டும் எதிரே இருப்பவர் காதில் விழும். சில மாடல்களில் போனின் அடியில் இதை மாற்ற ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். இல்லையென்றால் பெட்டியின் புரோகிராமில் மாற்றலாம், அது ஏஎம்சிக்காரர் வேலை. புதிய போன் வாங்கிய மறுநாள் இந்தப் புகார் வந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

ஃப்ளாஷ் பட்டன் தேய்ந்துபோய் ரிசீவர் வைக்கும் கொக்கியைத் தட்டித் தட்டிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். நான் சேர்ந்தபோது இருந்த சீனியர் அக்கா விரல் நுனியால் அதை ஒரு தட்டுத் தட்டுவார், ஒருமுறைகூடத் தவறாது. நான் தட்டினால் பத்துக்கு நான்கு போய்விடும். விரலை நம்பாதீர்கள்.

எல்லா போனிலும் கட் ஆகிறது என்றால் பெரும்பாலும் நம் அவசரம்தான். ஃப்ளாஷ், உள் டயல் டோன் வரும்வரை நில்லுங்கள், எக்ஸ்டென்ஷன், மணி அடிக்கும் சத்தம், அப்புறம் ரிசீவரை வையுங்கள். டோன் வருவதற்கு முன்னால் எண்களை அமுக்கினால் முதல் இலக்கம் விழுங்கப்படும். 245 கேட்டவருக்கு 45 என்று போய், அப்படி ஒரு எண்ணே இல்லாமல் அறுந்துவிடும்.

இரைச்சல், கரகரப்பு, உம்ம்ம் என்ற சத்தம்

மூன்றும் மூன்று நோய்.

ரிசீவரை அசைத்தால் கரகரவென்று வந்து அசைக்காவிட்டால் நிற்கிறது: சுருள் வயர். மாற்றுங்கள், விலை ஒன்றுமில்லை.

மழை பெய்தால் வருகிறது, இரண்டு நாள் வெயில் அடித்தால் போகிறது: வெளியே ஏதோ ஒரு ஜாயிண்டில் ஈரம். செம்பு லைன் இன்னும் இருக்கும் இடங்களில் கம்பத்தில் வயர்கள் பிரியும் டிபி பாக்ஸைத்தான் லைன்மேன் முதலில் திறப்பார். அவர் வரும் நேரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், லைன் சுத்தமாக இருக்கும், "நல்லாத்தானேம்மா இருக்கு" என்பார். அதனால் எந்த லைன், எந்தத் தேதி, எத்தனை மணி, மழை இருந்ததா என்று குறித்துவையுங்கள். குறிப்பைக் காட்டினால் திறந்து பார்ப்பார், வாயால் சொன்னால் போய்விடுவார்.

விடாமல் ஒரே சுருதியில் உம்ம்ம் என்று கேட்கிறது: கரன்ட் வயரோடு போன் வயரைச் சேர்த்து ஒரே பைப்பில் இழுத்திருக்கிறார்கள், அல்லது எர்த்திங் சரியில்லை, அல்லது ஒரு வயர் சுவரில் ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. புதிதாக ஏசி மாட்டினார்களா என்று விசாரியுங்கள்.

கொரோனா காலத்தில் நான்காவதாக ஒன்று வந்தது. சானிடைசரை நேராக ரிசீவரின் வாயில் அடித்துவிடுவார்கள். உள்ளே மைக் நனைந்து, நாம் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எதிர்ப்பக்கம் கேட்கும். துணியில் அடித்துத் துடைக்க வேண்டும்.

எப்போது போட்டாலும் என்கேஜ்டு

உள்ளே ஒரு எண் என்றால் ரிசீவர் சரியாக வைக்கப்படவில்லை. நோயாளியின் தலையணைக்கு அடியில், அல்லது குழந்தை எடுத்து விளையாடிவிட்டுத் தரையில். ஆள் அனுப்புங்கள். ஆள் போய்ப் பார்த்து சரியாகத்தான் இருக்கிறது என்றால் டூ நாட் டிஸ்டர்ப் போட்டிருக்கலாம், அல்லது கால் ஃபார்வர்டு. முந்தைய ஷிப்ட் டாக்டர் தன் அறை அழைப்புகளை கேன்டீனுக்குத் திருப்பிவிட்டு டீ குடித்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிருப்பார். அந்த போனை எடுத்துப் பார்த்தால் சில பெட்டிகளில் டோன் விட்டு விட்டு வரும், அதுதான் அடையாளம்.

வெளி லைன் ஒன்று யாரும் பேசாமலே மணிக்கணக்கில் பிஸி காட்டினால் லைன் ஹேங். வெளியே பேசியவர் வைத்துவிட்டார், ஆனால் பெட்டிக்கு அது தெரியவில்லை. குறிப்பாக, வெளியிலிருந்து வந்த ஒருவரை நாம் இன்னொரு வெளி எண்ணுக்கு இணைத்துவிட்டால், இருவரும் வைத்தபிறகும் இரண்டு லைனும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த வெளி லைன் வயரைப் பெட்டியிலிருந்து கழற்றிப் பத்து நொடி கழித்து மாட்டுங்கள், விட்டுவிடும். வாரத்தில் இரண்டு மூன்று தடவை வந்தால் புரோகிராமில் பிஸி டோனைக் கண்டுபிடித்து லைனை விடும்படி மாற்றச் சொல்லுங்கள்.

கைப்பேசி எண்ணுக்குப் போகவில்லை. பட்டனை அமுக்கினால் கேட்கவில்லை

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்தக் கைப்பேசிக்குப் போட்டாலும் முன்னால் 0 சேர்க்க வேண்டும். இபிஏபிஎக்ஸில் வெளி லைன் எடுக்கவே ஒரு 0 இருக்கிறது. ஆக இரண்டு 0, அப்புறம் பத்து இலக்கம். வார்டிலிருந்து "நம்பர் தவறுன்னு சொல்லுதுக்கா" என்று கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு 0தான் போட்டிருப்பார்கள். இரண்டு போட்டும் போகவில்லை என்றால் அந்த எக்ஸ்டென்ஷனுக்குப் பழைய எஸ்டிடி பூட்டு இருக்கிறது. 0வில் தொடங்குவதையெல்லாம் தடுத்த காலத்துப் பூட்டு அது, இப்போது கைப்பேசியையும் சேர்த்துத் தடுக்கிறது. 06, 07, 08, 09 இந்த நான்குக்கும் வழிவிடச் சொல்லுங்கள். வெளிநாட்டுக்கான 00 பூட்டியே இருக்கட்டும்.

வங்கிக்கோ இன்சூரன்சுக்கோ போட்டு "தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்றபின் எத்தனை முறை அமுக்கினாலும் அது அதையே சொல்கிறதா? போனின் பக்கவாட்டில் டோன், பல்ஸ் ஸ்விட்ச் இருக்கும். பல்ஸ் பக்கம் தள்ளப்பட்டிருக்கும். தூசி துடைக்கும்போது நகர்ந்துவிடும்.

இங்கே ஒரு ஆபத்தும் இருக்கிறது. அறை எண்ணையே எக்ஸ்டென்ஷனாக வைத்த கட்டிடங்களில் 108 என்பது முதல் மாடியில் ஒரு அறை. பதற்றத்தில் உள் போனிலிருந்து 108 போட்டால் ஆம்புலன்ஸ் வராது, பித்தப்பை ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர் "ஹலோ" என்பார். 101க்கும் 112க்கும் இதே கதை. முடிந்தால் அந்த எண்களை எக்ஸ்டென்ஷன் பட்டியலிலிருந்தே எடுத்துவிடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு போனிலும் "முதலில் 0" என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

பெயரும் எண்ணும் தவறாகவே காதில் விழுகிறது

காதில் கோளாறு இல்லை. சாதாரண போன் லைன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கொண்டுபோகும். ஸ, ஃப போன்ற காற்றொலிகளின் உயிர் அதற்கு மேலே இருக்கிறது. அதனால் எஸ் என்று சொன்னாலும் எஃப் என்று சொன்னாலும் நம் காதில் ஒரே மாதிரித்தான் வந்து விழும். எம்முக்கும் என்னுக்கும், பிக்கும் டிக்கும் இதே சங்கடம். நேரில் உதடு பார்த்துப் புரிந்துகொள்வோம், போனில் அது இல்லை.

நம் ஊரில் பெயரைவிட இனிஷியல்தான் ஆளைப் பிரிக்கிறது. ஒரே மாடியில் எம். ராஜேந்திரன், என். ராஜேந்திரன் இருவர் இருந்த வாரம் எனக்கு மறக்காது. ஒருவருக்கு ஆஞ்சியோ, ஒருவருக்கு மூலம். மூலத்துக்காரரின் மனைவிக்கு நர்ஸ் "நெஞ்சுல ரெண்டு அடைப்பு" என்று சொல்ல, அந்தம்மா அழுதுகொண்டே என்னிடம் திரும்பி வந்தார். அன்றிலிருந்து நான் ஊர் கேட்கிறேன். "மதுரைக்கு வர்ற எம்மா, நாகர்கோவிலுக்கு வர்ற என்னா?" யாரும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். ஆப்பிள், பால், கேட் எல்லாம் படித்தவர்களுக்குச் சரி. மதுரை எல்லோருக்கும் தெரியும். அதோடு வயதையும் ஊரையும் கேட்டுவிடுங்கள்.

எண்களில் "டபுள்" சிக்கல். "டபுள் டூ செவன்" என்றால் 227. சிலர் அதை 22 என்று எழுதிவிட்டு இன்னொரு 2ஐயும் சேர்த்துவிடுவார்கள். திரும்பச் சொல்லும்போது அவர் சொன்ன விதத்தில் சொல்லாதீர்கள். அவர் டபுள் போட்டால் நீங்கள் ஒவ்வொன்றாக, அவர் இங்கிலீஷில் சொன்னால் நீங்கள் தமிழில். ஒரே மாதிரி சொன்னால் அவர் கேட்காமலே "ம்ம், ம்ம்" என்பார். மாற்றிச் சொன்னால்தான் கவனித்துத் திருத்துவார்.

எண் திரையில் விழவில்லை என்று ஒரு புகாரும் வரும். பல லைன்களில் அழைப்பவரின் எண் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவேதான் வருகிறது. சுறுசுறுப்பாக முதல் மணியிலேயே எடுத்தால் எண் வழியிலேயே போய்விடும். இரண்டாவது மணி வரை கை பொறுக்கட்டும்.

டாக்டர் எடுக்கவில்லை, ஆள் லைனில் கத்துகிறார்

ஹோல்டில் போடும்போது ஒரு பாட்டு ஓடும். பாட்டு நம் காதில் விழாது, அதனால் நமக்கு நேரம் தெரியாது. அவருக்கு அரை நிமிடமே அரை மணி. கடிகாரத்தைப் பார்த்து நாற்பது நொடிக்கு ஒருமுறை லைனுக்குத் திரும்புங்கள். "இன்னும் எடுக்கலைங்க, நான் லைன்லதான் இருக்கேன்" என்றால் போதும். இரண்டு முறை திரும்பியும் எடுக்கவில்லை என்றால் மூன்றாவது முறை ஹோல்டில் போடாதீர்கள். எண்ணை வாங்குங்கள், யார் எப்போது கூப்பிடுவார் என்று சொல்லுங்கள், எழுதிவைத்து அந்த நேரத்துக்கு அந்த நர்ஸை நீங்கள் நினைவூட்டுங்கள். நினைவூட்ட மறந்தால் அடுத்த தடவை கத்துவது நியாயம்.

கத்துகிறவர் பெரும்பாலும் இந்தக் கட்டிடத்துக்கு ஐந்தாவது முறையாகப் போடுகிறார். ஒவ்வொருவரும் அவரை இன்னொருவருக்குத் தள்ளியிருக்கிறார்கள். குறுக்கே பேசாமல் மூச்சு வாங்கும்வரை விடுங்கள், அப்புறம் "இதுவரைக்கும் யார்கிட்டல்லாம் பேசினீங்க?" என்று கேளுங்கள். அவர் பட்டியல் சொல்லத் தொடங்கினாலே குரல் இறங்கும். அந்தப் பட்டியலில் இருக்கும் யாருக்கும் மறுபடி தள்ளாதீர்கள். டிரான்ஸ்பர் செய்யும்போது ரிசீவரை வைக்காமல், எடுப்பவரிடம் "இவர் காலையிலேர்ந்து முயற்சி பண்றார், அப்பா ஐசியூவில" என்று ஒரு வரி சொல்லிவிட்டு இணையுங்கள். பெயரைச் சொல்லித் திட்டினால், அசிங்கமாகப் பேசினால், ஒருமுறை எச்சரித்துவிட்டு வைத்துவிடலாம். நேரத்தைக் குறித்து மேலாளரிடம் சொல்லிவிடுங்கள், அவர்கள் முந்திக்கொண்டு புகார் சொல்வதற்கு முன்.

அழைப்பவர் பேச்சே சரியில்லை

டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் எல்லா லைனும் கட் ஆகும், ஒன்பதை அழுத்துங்கள் என்று வருவது மோசடி. டிராய் அப்படி யாரையும் கூப்பிடுவதில்லை. ராணுவத்திலிருந்து பேசுகிறேன், நாற்பது ஜவான்களுக்கு ஹெல்த் செக்கப், முன்பணம் அனுப்புகிறேன், க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள் என்பதும் அதேதான். பணம் வாங்குவதற்கு யாரும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை. யாராவது ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போடச் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவர் "எனக்கு உங்க வெளி லைன் ஒண்ணு குடுங்க" என்று கேட்டால், என்ன காரணம் சொன்னாலும் கொடுக்கக் கூடாது. பில் நமக்கு வரும்.

நோயாளி எந்த அறை, என்ன வியாதி என்று கேட்பவருக்கு நாம் எதையும் சொல்வதில்லை. அறைக்கு போன் போட்டு, அங்கே இருப்பவர் சரி என்றால் இணைக்கிறோம், அவ்வளவுதான். சீட்டு கம்பெனிக்காரர்கூட "மாமா பேசுறேன்" என்பார்.

ரிசப்ஷனுக்கே உரிய இன்னொரு தொல்லை: தனியார் வண்டிக்காரர்கள். "அக்கா, பாடி எடுத்துட்டுப் போகணும்னு கேட்டா என் நம்பரைக் குடுங்க, கவனிச்சுக்கறேன்." இது இன்று நேற்று வந்ததில்லை. ஆபரேட்டர் இல்லாமல் தானாக இணைக்கும் எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்து 1891இல் காப்புரிமை வாங்கிய ஆல்மன் ஸ்ட்ரௌஜர் அமெரிக்காவில் இறுதிச் சடங்கு நடத்தித் தரும் தொழில் செய்தவர். அவருக்கு வரவேண்டிய அழைப்புகளைப் போட்டிக்காரரின் மனைவியான ஆபரேட்டர் தன் வீட்டுக்குத் திருப்பிவிட்டாள், அந்தக் கோபத்தில்தான் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, நூற்றி முப்பது வருடம் கழித்தும் நம் மேசைக்கு அதே விசிட்டிங் கார்டு வருகிறது. நான் எல்லா வண்டி எண்களையும் ஒரே தாளில் அச்சடித்து ஒட்டிவிட்டேன். கேட்பவரிடம் தாளைக் காட்டுகிறேன்.

மணி அடிக்கிறது, எடுத்தால் யாரும் பேசவில்லை

வெளி அழைப்பென்றால் இரண்டு முறை ஹலோ சொல்லிவிட்டு வைக்கலாம். விற்பனைக்காகத் தானாக டயல் செய்யும் இயந்திரங்கள் பல சமயம் இப்படித்தான் வரும். 140 என்று தொடங்கும் எண் என்றால் சந்தேகமே இல்லை.

உள் அழைப்பென்றால் வைக்காதீர்கள். திரையில் எந்த எண் என்று பாருங்கள். சில போன்களில் ரிசீவரை எடுத்து ஒன்றும் அமுக்காமல் இருந்தாலே சில நொடியில் ஆபரேட்டருக்கு வந்துவிடும்படி வைத்திருப்பார்கள், வார்டுகளில் அப்படி வைப்பது நல்லது. காதைக் கொடுத்துக் கேளுங்கள். டிவி ஓடுகிறதா, மூச்சுச் சத்தமா, தண்ணீர் ஓடுகிறதா? லைனை விடாமல் வேறொரு போனிலிருந்து அந்த மாடி நர்ஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள்.

போன வருடம் ஒரு நாள் இரவு இரண்டே முக்காலுக்கு 214. ஹலோ சொன்னேன், பதில் இல்லை. குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். இன்னொரு போனில் இரண்டாவது மாடி சிஸ்டரைக் கூப்பிட்டேன். ஓடும் செருப்புச் சத்தம் முதலில் மாடியிலிருந்து கேட்டது, அப்புறம் என் காதில் இருந்த ரிசீவர் வழியாகவும் கேட்டது. பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுந்த பெரியவர் வயரைப் பிடித்து இழுத்திருக்கிறார், போன் அவரோடு சேர்ந்து கீழே வந்திருக்கிறது. தூக்கி உட்கார வைக்கிற சத்தம், "தாத்தா, வலிக்குதா" என்கிற சத்தம் எல்லாம் கேட்டது. நெற்றியில் மூன்று தையல், எலும்பு எதுவும் உடையவில்லை. கால் மணி நேரம் கழித்து 214லிருந்தே மறுபடி மணி. சிஸ்டர்தான். "லைன் சரியா இருக்காக்கா? ஒரு தடவை திருப்பிப் போட்டுப் பாருங்களேன்."